சங்கத்தின் குரலும் அறத்தின் குரலும்

தனி மரம் தோப்பாகாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஒருவர் தனித்து நின்று கேட்டால் திறவாத கதவு, நூறு பேர் ஒன்றுகூடிக் கேட்டால் திறக்கிறது. இதனாலேயே உலகெங்கும் தொழில் செய்வோர் தத்தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொள்கின்றனர். தோட்டத் தொழிலாளர்க்குச் சங்கம் உண்டு. முடிதிருத்துவோர்க்கும் நகை வணிகர்க்கும் உணவகம் நடத்துவோர்க்கும் சங்கம் உண்டு. ஆசிரியர்களாகிய நமக்கும் உண்டு. பயணிகளை ஏற்றிச்செல்லும் வாடகைக் கார்களையும் லிமோசின்களையும் நடத்துவோர்க்கும் அவ்வாறே உண்டு.

அரசு புதிய விதி ஒன்றைக் கொண்டுவரும்போதும், உரிமக் கட்டணத்தை உயர்த்தும்போதும், அத்தொழிலைச் சார்ந்த சங்கம் எழுந்து எதிர்ப்பது இயல்பு. எதிர்ப்பதற்கு அதற்கு உரிமையும் உண்டு. ஆயினும் உரிமை வேறு, அறம் வேறு. நமக்கு உரிமை உள்ள செயல் யாவும் அறமாகிவிடுவதில்லை. அவ்வாறாயின், தன் உறுப்பினர் நலனுக்காகப் போராடும் சங்கத்தின் குரல் எப்போது அறத்தின் குரலாகிறது? எப்போது அது தன்னலத்தின் குரலாக நின்றுவிடுகிறது? இரண்டையும் பிரித்தறிய ஓர் அளவுகோல் உண்டா? இவையே இக்கட்டுரையில் நாம் ஆராயவிருக்கும் வினாக்கள்.

இவ்வினாக்களை நான் நூல்களிலிருந்து பெறவில்லை. என் பள்ளிக்கு வந்த இருவர் எனக்குத் தந்து சென்றனர்.

நான் எழுதிய மகஜர்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலை வேளையில், மாணவர் யாவரும் வீடு திரும்பிய பின் ஒருவர் என்னைக் காண வந்தார். நான் அப்போது பணியாற்றிய ஊரில் இயங்கிய லிமோசின் கார் உரிமையாளர் சங்கத்தின் தலைவர் அவர். அவருடைய பிள்ளைகள் இருவர் எம் பள்ளியில் பயின்று சென்றவர்கள். பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு நாம் கேட்பதற்கு முன்பே நன்கொடை தருபவர். இனிய பண்பினர்.

“சார், புதிய விதி வரப்போகிறது. ஆண்டுக் கட்டணம் ஏறுகிறது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டுமாம். நீங்கள்தான் எங்களுக்கு ஒரு மகஜர் எழுதித் தரவேண்டும். தமிழிலும் வேண்டும், தேசிய மொழியிலும் வேண்டும்” என்றார்.

நான் விவரம் கேட்டேன். அவர் கூறியவற்றில் நியாயம் இருந்தது. சோதனைக்குச் செல்லும் வண்டி காலை முதல் வரிசையில் நிற்க வேண்டும். அன்றைய வருமானம் அத்துடன் போய்விடும். ஓர் அலுவலகம் தந்த சான்றை மற்றோர் அலுவலகம் ஏற்பதில்லை. ஒரே வண்டிக்கு ஒரே செய்தியை இரண்டு இடங்களில் எழுதிக் கொடுத்து இரண்டு இடங்களிலும் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. இவற்றைக் கேட்டபோது எனக்கும் சினம் எழுந்தது. இரண்டு இரவுகள் விழித்திருந்து மகஜரை எழுதி முடித்தேன்.

அதில் ஒரு வரி, ‘அன்றாடம் உழைத்து உண்ணும் ஏழை ஓட்டுநர்களின் அடுப்பில் நீர் வார்க்கும் செயல் இது’ என்பது. தலைவர் அதை இருமுறை வாய்விட்டுப் படித்து மகிழ்ந்தார். எழுதியவனாகிய எனக்கும் பெருமிதமாகவே இருந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். மகஜர் உரிய இடத்தில் ஒப்படைக்கப்பட்டது.

ஓட்டுநர் கேட்ட கேள்வி

பத்து நாள் கழிந்தது. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தந்தை, மகளுக்குக் காய்ச்சல் என்று தெரிவிக்கப் பள்ளிக்கு வந்தார். அவரும் லிமோசின் ஓட்டுபவரே. ஆனால் வண்டி அவருடையதன்று. சங்கத் தலைவருக்குச் சொந்தமான ஒன்பது வண்டிகளுள் ஒன்றை அவர் ஓட்டி வந்தார். அதற்கு நாள்தோறும் வாடகை கட்டவேண்டும். ‘பஜாக்’ என்று அதைக் கூறுவர். பயணி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், உடல் நலமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைக் கட்டியாக வேண்டும்.

செய்தியைச் சொல்லிவிட்டுப் புறப்பட்டவர் வாயிலில் நின்று திரும்பினார்.

“ஐயா, அந்த மகஜரில் நானும் கையெழுத்துப் போட்டேன். ஒன்று கேட்கலாமா? கட்டணத்தை ஏற்றாமல் விட்டுவிட்டால் என்னுடைய பஜாக் குறையுமா?”

என்னிடம் விடை இல்லை. “தலைவரைக் கேட்டீர்களா?” என்றேன்.

“கேட்டால் சாவியை வாங்கி வைத்துக்கொள்வார் ஐயா” என்றார். சற்றுப் பொறுத்து, “பிரேக் சரியில்லை என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். ஆறு மாதத்திற்கு ஒருமுறை சோதனை வந்தாலாவது மாற்றுவார்கள் என்று நினைத்திருந்தேன்” என்று கூறிச் சென்றார்.

அவர் சென்ற பிறகு மகஜரின் படியை எடுத்துப் பார்த்தேன். ‘ஏழை ஓட்டுநர்’ என்ற சொல் அதில் நான்கு இடங்களில் வந்திருந்தது. அந்த ஏழை ஓட்டுநர் ஒருவரையேனும் நான் சந்தித்துக் கேட்டிருக்கவில்லை. எந்தச் சோதனையை அவர் பெயரால் நான் எதிர்த்தேனோ, அந்தச் சோதனையையே அவர் தம் உயிருக்குக் காவல் என எண்ணிக் காத்திருந்தார்.

மறுநாளே தலைவரைக் கண்டு, “கட்டணம் உயராவிட்டால், அதற்கேற்ப ஓட்டுநர்களின் நாள் வாடகையைக் குறைப்பீர்களா?” என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அது வேறு கணக்கு, சார். ஒன்பது வண்டிக்கும் வங்கிக் கடனை யார் கட்டுவது?” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கடன் சுமை அவருக்கும் இருந்தது. ஆனால் அவருடைய கடன் சுமையைப் பற்றி நான் எழுதிய மகஜரில் ஒரு சொல்லும் இல்லை. தம் சுமையைத் தம் பெயராலேயே அவர் கேட்டிருக்கலாம். பிறர் வறுமையின் பெயரால் கேட்டார். அதற்குச் சொல் தந்தவன் நான்.

சங்கம் கூடுவது குற்றமா?

இதனைக் கூறுவதால், தொழிற்சங்கமோ வணிகர் சங்கமோ தீயது என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. ஒரே தொழிலினர் ஒன்றுகூடினால் அக்கூட்டம் பெரும்பாலும் பொதுமக்களுக்குக் கேடான ஏற்பாட்டில் முடியும் என்று 1776ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் ஆடம் ஸ்மித் ஐயுற்றார். அவ்வையம் முற்றும் உண்மையானால், நம் வரலாற்றின் பெரும்பகுதியை நாம் வெறுத்தொதுக்க வேண்டிவரும்.

தமிழ் வணிகர் கணங்கள் கடல் கடந்து இவ்வட்டாரத்திற்கு வந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். தென் தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, அங்கு வெட்டப்பட்ட குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் வைத்ததைக் கூறுகிறது. சுமத்திராவின் பாருஸ் பகுதியில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டோ, ஐந்நூற்றுவர் கூடி, கப்பலில் வருவோர் செலுத்த வேண்டிய பொன்னை வரையறுத்ததைத் தெரிவிக்கிறது. ஆகவே வணிகர் கூட்டம் கட்டணத்தை எப்போதும் வெறுத்ததில்லை. பொதுவான பயன் உண்டென்று கண்டபோது அதுவே கட்டணத்தை விதித்தும் இருக்கிறது.

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. சிங்கப்பூரில் 1960களில் உரிமம் இல்லாத கள்ள டாக்சிகள் மிகுந்திருந்தன. அவற்றை ஒழிக்க அரசு முனைந்தபோது, தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 1970ஆம் ஆண்டில் ‘கம்ஃபர்ட்’ என்னும் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கியது. அதன்வழி ஓட்டுநர் தவணை முறையில் பணம் செலுத்தித் தாம் ஓட்டும் டாக்சிக்குத் தாமே உரிமையாளராக வழி பிறந்தது. அவ்வமைப்பு 1993ஆம் ஆண்டில் நிறுவனமாக மாறிவிட்டது. ஆயினும், வாடகைக்கு ஓட்டியவனை உரிமையாளனாக்குவதைத் தன் நோக்கமாகக் கொண்டு ஓர் அமைப்பு எழுந்தது என்பது நினைக்கத்தக்கது.

சங்கம் நியாயமாக வாதாடிய இடமும் உண்டு. அமெரிக்காவில் லிமோசின் நடத்துவோரின் தேசியச் சங்கம் 1985ஆம் ஆண்டில் தோன்றியது. அந்நாட்டில் மாநிலத்திற்கு மாநிலம், நகருக்கு நகர் உரிம விதிகள் வேறுபடும். தன் மாநிலத்தில் முறையாக உரிமம் பெற்ற ஒரு லிமோசின், முன்பதிவு செய்த பயணியை அண்டை மாநிலத்தில் இறக்கச் சென்றால், அங்குள்ள உரிமம் இல்லை என்று கூறித் தண்டம் விதிக்கப்பட்டது. இதனைத் தொழிலினர் எதிர்த்தனர். 2002ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க நடுவணரசு இதற்கெனச் சட்டம் இயற்றியது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் முன்பதிவுப் பயணத்திற்கு, உரிய தகுதிகளை நிறைவு செய்த வண்டியிடம் மற்ற மாநிலமோ நகரமோ மீண்டும் உரிமமும் கட்டணமும் கேட்கலாகாது என்பதே அதன் சாரம். அதே சட்டம், ஓட்டுநரின் பின்னணியை ஆராயும் அதிகாரத்தையும், விமான நிலையங்கள் தம் வாயிலை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தையும் விட்டுவைத்தது. ஒரே வேலைக்கு இருமுறை கட்டணம் கூடாது என்பது நியாயம். பயணியின் காப்பு கூடாது என்பது நியாயமாகாது. அச்சட்டம் இரண்டையும் பிரித்தறிந்தது. நான் எழுதிய மகஜர் பிரித்தறியவில்லை.

ஒரே வாயில் இரு பேச்சு

இனி, சங்கங்களின் பேச்சில் பெரும்பாலும் காணப்படும் ஒரு குறையை நோக்குவோம்.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரில் மக்கள் பலர் தேம்ஸ் ஆற்றைப் படகில் கடந்தனர். குதிரை வண்டிகள் பெருகத் தொடங்கியதும் படகோட்டிகளின் பிழைப்புக் கெட்டது. அவர்களுள் ஒருவரும் கவிஞருமான ஜான் டெய்லர் 1623ஆம் ஆண்டில் வண்டிகளைச் சாடி ஒரு நூலே எழுதினார். வண்டிகளைக் கட்டுப்படுத்துவது பொதுமக்களுக்கு நன்மை என்பது அவர் தரப்பின் வாதம். 1635ஆம் ஆண்டில் மன்னர் முதலாம் சார்லஸ் வாடகை வண்டிகளைக் கட்டுப்படுத்தி ஆணையிட்டார். 1654ஆம் ஆண்டில் வண்டிக்காரர் தொகை இருநூறு என வரையறுக்கப்பட்டது. அதன் பின் அந்த இருநூறு பேருக்கு என்ன தோன்றியிருக்கும்? கட்டுப்பாடு தம்மைக் காக்கும் வேலி என்றே தோன்றியிருக்கும். வெளியே நின்றவனுக்கு அதே கட்டுப்பாடு பூட்டிய கதவு.

நம் நாட்டிலும் இதனைக் கண்டோம். கைப்பேசிச் செயலி வழியாகப் பயணிகளை ஏற்றும் தனியார் கார்கள் வந்தபோது டாக்சி ஓட்டுநர்கள் தெருவில் இறங்கிப் போராடினர். “எங்களுக்குப் பெர்மிட் உண்டு, சோதனை உண்டு, தனிக் காப்புறுதி உண்டு. அவர்களுக்கு மட்டும் ஏன் இல்லை?” என்று கேட்டனர். கேள்வி நியாயமானதே. 2017ஆம் ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தின் மக்களவை சட்டத்தைத் திருத்தி அச்சேவையைச் சட்ட வரம்புக்குள் கொண்டுவந்தது. 2019ஆம் ஆண்டு ஜூலை 12 முதல் பொதுச்சேவை ஓட்டுநர் உரிமமும் வண்டிச் சோதனையும் காப்புறுதியும் அவர்களுக்கும் வேண்டும் என்றானது. அப்போது செயலி வழி ஓட்டுவோர் செலவும் அலைச்சலும் மிகுதி என முறையிட்டனர். முன்பு டாக்சி ஓட்டுநர்கள் கூறிய அதே குறைகளை அவர்களும் கூறினர்.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? விதி நம் மீது விழும்போது அதனைக் கொடுமை என்கிறோம். அதே விதி நம் போட்டியாளர் மீது விழும்போது அதனைப் பொதுநலம் என்கிறோம். படகோட்டி, வண்டிக்காரர், டாக்சிக்காரர், லிமோசின்காரர் என ஆள் மாறுகிறதே தவிரப் பேச்சு மாறுவதில்லை. ஒரே வாயிலிருந்து இரு பேச்சு வருமாயின், அவற்றுள் ஒன்றேனும் அறத்திலிருந்து பிறந்ததன்று என்பது தெளிவு.

காக்கும் வேலியே கழுத்தை இறுக்கிய கதை

கட்டுப்பாட்டைத் தம் ஆதாயமாக்கிக்கொண்டோர்க்கு அது எப்போதும் ஆதாயமாக இருப்பதில்லை என்பதற்கு நியூயார்க் நகரம் சான்று. அங்கு 1937ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று டாக்சி உரிமங்களின் தொகையை வரையறுத்தது. உரிமத்தின் அடையாளமாக வண்டியில் ஓர் உலோக வில்லை பொருத்தப்பட்டது. தொடக்கத்தில் அதன் கட்டணம் பத்து டாலர். மக்கள் தொகை பெருகியும் வில்லைகளின் தொகை பல்லாண்டுகள் பெருகவில்லை. விற்கவும் வாங்கவும் கூடிய பொருளாக அது மாறியது. விலை ஏறிக்கொண்டே சென்று, 2014ஆம் ஆண்டளவில் பத்து இலட்சம் டாலரையும் தாண்டியது. நகர நிர்வாகமே புதிய வில்லைகளை ஏலம் விட்டு வருவாய் ஈட்டியது. குடியேறிகளான ஓட்டுநர் பலர், வாழ்நாள் முழுதும் அடைக்கவொண்ணாக் கடன் பெற்று அவற்றை வாங்கினர்.

பிறகு செயலி வழிக் கார்கள் வந்தன. சில ஆண்டுகளிலேயே வில்லையின் விலை இரண்டு இலட்சம் டாலருக்கும் கீழே வீழ்ந்தது. கடன் மட்டும் வீழவில்லை. 2018ஆம் ஆண்டில் ஓட்டுநர் பலர் தம் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி உலகை உலுக்கியது. 2021ஆம் ஆண்டில் ஓட்டுநர்களின் கூட்டமைப்பு பதினைந்து நாள் உண்ணா நோன்பிருந்த பின்னரே, நகர நிர்வாகம் பொறுப்பேற்றுக் கடனைக் குறைக்கும் உடன்பாடு ஏற்பட்டது.

இதில் குற்றவாளி யார்? விதி செய்த அரசா? விலையேற்றத்தில் மகிழ்ந்த உரிமையாளரா? கடன் கொடுத்தவரா? ஒவ்வொருவர்க்கும் பங்குண்டு. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. பயணியின் காப்புக்காக ஏற்பட்ட உரிமம், செல்வம் குவிக்கும் கருவியாக மாறிய நாளிலேயே அழிவுக்கு வித்து விழுந்துவிட்டது. உரிமம் என்பது ஒருவர் தகுதிக்குத் தரும் சான்று. அதை நிலம்போல் விற்கவும் வாடகைக்கு விடவும் தொடங்கினால், தகுதியுடையவன் வாடகை கட்டுகிறான், உரிமம் உடையவன் வாடகை வாங்குகிறான். என் பள்ளிக்கு வந்த அந்த ஓட்டுநரின் நிலையும் இதுவே அன்றோ?

அரசின் கடமை

சங்கத்தை மட்டும் சோதித்துவிட்டு அரசைச் சோதியாது விடுவது நடுவுநிலை ஆகாது. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பாடிய புறநானூற்றுப் பாடலை நம் மாணவர் அறிவர். வயலின் நெல்லை அறுத்துக் கவளமாக ஊட்டினால் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே வயலில் புகுந்தால் உண்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதியாகும் என்பது அதன் கருத்து. வரி பற்றித் தமிழ் கூறிய அறிவுரைகளுள் இதனினும் சிறந்தது அரிது.

கட்டணத்திற்கும் இது பொருந்தும். வரி என்பது பொதுச் செலவுக்காக யாவரும் தருவது. கட்டணம் என்பது குறிப்பிட்ட ஒரு பணிக்காகக் குறிப்பிட்ட ஒருவர் தருவது. ஆகவே கட்டணம் கேட்கும் அரசு, ‘எப்பணிக்காக?’ என்னும் வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டது. 1662ஆம் ஆண்டில் இலண்டனில் நானூறு வாடகை வண்டிகளுக்கு உரிமம் தர வகைசெய்த சட்டமே, தெருக்களைச் செப்பனிடவும் தூய்மை செய்யவும் பிறந்த சட்டம். வண்டிச் சக்கரம் தெருவைத் தேய்க்கிறது. ஆதலால் வண்டிக்காரர் தெருவுக்குப் பணம் தருக என்பதில் ஒரு முறைமை உண்டு. வண்டியைச் சோதிக்க ஆகும் செலவை வண்டிக்காரர் தருவதிலும் முறைமை உண்டு. சோதனையே செய்யாமல் சோதனைக் கட்டணம் வாங்கினாலோ, ஒரு சோதனைக்கு இரு அலுவலகங்கள் பணம் வாங்கினாலோ, அது கட்டணம் ஆகாது. யானை வயலில் புகுந்துவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

எனவே, என் மகஜரில் ஒரு பகுதி சரியானது. இரட்டைக் கட்டணத்தை எதிர்த்தது சரி. நாள் முழுதும் வரிசையில் நிற்கவைக்கும் முறையை எதிர்த்தது சரி. சோதனையையே எதிர்த்தது தவறு. ஏழையின் பெயரால் எதிர்த்தது பெருந்தவறு.

மூன்று வினாக்கள்

இப்போது நாம் தேடிய அளவுகோலுக்கு வருவோம். வள்ளுவர் வணிகரைப் பற்றிய கருத்தை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகர்க்கு வணிகம் என்பது அவர் துணிபு. நீதிபதிக்கு உரியது என நாம் எண்ணும் நடுவுநிலைமையை அவர் கடை வைத்திருப்பவருக்கும் உரியதாக்கினார். நம் காலத்தில் அமெரிக்க மெய்யியலறிஞர் ஜான் ரால்ஸ் 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட நீதிக் கோட்பாடு பற்றிய நூலில் வேறொரு வழியில் இதனை அணுகினார். சமுதாயத்தில் நாம் எந்த இடத்தில் பிறப்போம் என்பதை அறியாத நிலையில் நின்று விதி செய்தால் அவ்விதி நியாயமாக இருக்கும் என்பது அவர் கருத்து. நாளை நான் ஒன்பது வண்டிக்கு உரிமையாளனாகவும் இருக்கலாம், பிரேக் பழுதான வண்டியை ஓட்டுபவனாகவும் இருக்கலாம், அவ்வண்டியின் பின்னிருக்கையில் குழந்தையுடன் அமர்ந்திருக்கும் தாயாகவும் இருக்கலாம். எது என்று அறியாதபோது நான் எந்த விதியை வேண்டுவேன்?

இவ்விரு சிந்தனைகளின் துணையால், சங்கம் ஒன்று குரல் எழுப்பும் முன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய மூன்று வினாக்களை நான் வகுத்துக்கொண்டேன்.

முதலாவது: நாம் யார் பெயரால் கேட்கிறோமோ, கிடைக்கும் பயன் அவர்களைச் சென்று சேருமா? சேராதெனில் அவர்கள் பெயரைப் பயன்படுத்தலாகாது.

இரண்டாவது: நம் மீதிருந்து நீக்கும்படி நாம் கேட்கும் விதியை நம் போட்டியாளர் மீதிருந்தும் நீக்க உடன்படுவோமா? உடன்படோம் எனில், நாம் கேட்பது நீதி அன்று, சலுகை. சலுகை கேட்பதும் குற்றமில்லை. ஆனால் அதைச் சலுகை என்றே சொல்லிக் கேட்கவேண்டும்.

மூன்றாவது: அவ்விதி இல்லாமையால் ஒரு தீங்கு நேர்ந்தால், அதன் பழியை ஏற்க நாம் முன்வருவோமா? பின்னிருக்கையில் இருப்பவர் சங்கத்தின் உறுப்பினர் அல்லர். சங்கக் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி இல்லை. அவர் இல்லாத அவையில் அவருக்காகவும் ஒருவர் பேசினால்தான் அது அறச்சங்கம்.

சிலர் இதற்கு மறுப்புக் கூறலாம். “சங்கத்தின் வேலை தன் உறுப்பினரைக் காப்பது. பொதுமக்களைக் காப்பது அரசின் வேலை. ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் செய்தால் போதும். வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்காக மட்டும் வாதாடுவதில்லையா?” என்று கேட்கலாம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வழக்கறிஞரும் பொய்ச்சான்று காட்டலாகாது. எதிர்த் தரப்புக்கும் ஒரு வழக்கறிஞர் இருக்கிறார். மேலே நடுவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். சங்கம் அமைச்சகத்தின் கதவைத் தட்டும்போதோ, வாடகைக்கு ஓட்டுபவனுக்கும் பயணிக்கும் அங்கே வழக்கறிஞர் இல்லை. எதிரில் பேச ஆளில்லாத இடத்தில் பேசுபவனுக்கு உண்மை பேசும் கடமை இருமடங்காகிறது.

ஆசிரியர்களாகிய நாம்

இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியத் தோழர்கள், இது வண்டிக்காரர் கதைதானே என்று அமைதியடைய வேண்டா. நம் சங்கமும் மகஜர் கொடுக்கிறது. வேலை நேரம் பற்றியும் இடமாற்றம் பற்றியும் எழுத்துப் பணிச் சுமை பற்றியும் நாம் கேட்கிறோம். கேட்கும்போதெல்லாம் ‘மாணவர் நலன் கருதி’ என்று தொடங்குகிறோம். பல வேளைகளில் அது உண்மை. சில வேளைகளில் நம் நலனுக்கு மாணவர் நலன் என்னும் மேலாடையைப் போர்த்துகிறோம். எனக்கு ஓய்வு வேண்டும் என்று கேட்பதில் இழிவு இல்லை. உழைப்பவனுக்கு ஓய்வு உரிமை. அதனைக் குழந்தையின் பெயரால் கேட்பதே இழிவு.

அந்த மகஜரின் முடிவு என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். கட்டண உயர்வும் புதிய சோதனை முறையும் ஓராண்டு ஒத்திவைக்கப்பட்டன. சங்கம் அதனைக் கொண்டாடியது. எனக்கும் அழைப்பு வந்தது. நான் செல்லவில்லை. அந்த ஓட்டுநரின் நாள் வாடகை குறையவில்லை. மகள் ஆறாம் ஆண்டு முடிக்கும் முன்பே அவர் அத்தொழிலை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பிரேக் மாற்றப்பட்டதா என்று அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அதன் பின்னரும் பலர் என்னிடம் மகஜர் எழுதித் தரக் கேட்டு வந்ததுண்டு. எழுதித் தருகிறேன். மறுப்பதில்லை. எழுத்தறிந்தவன் எழுத்தறியாதவனுக்கு எழுதித் தருவது கடமை. ஆனால் தாளை எடுக்கும் முன், ‘இது யார் பெயரால்? அவரை நான் பார்க்க முடியுமா?’ என்று கேட்கிறேன். சிலர் முகம் சுளித்து எழுந்து போய்விடுகின்றனர். சிலர் மறுநாள் அவரை அழைத்து வருகின்றனர்.

நம் வகுப்பறைகளில் முறையீட்டுக் கடிதம் எழுதக் கற்பிக்கிறோம். அனுப்புநர், பெறுநர், தலைப்பு, விளிப்பு, முடிப்பு என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் தருகிறோம். ‘நாங்கள்’ என்று தொடங்கும் மாணவனிடம், அந்த ‘நாங்கள்’ யார் யார், அவர்களை நீ கேட்டாயா என்று நாம் வினவுவதில்லை. இனி வினவுவோம். அவ்வினாவுக்கு மதிப்பெண் பட்டியலில் இடமில்லாவிடினும், அதைக் கேட்டுப் பழகிய மாணவன் நாளை ஒரு சங்கத்தின் தலைவனாகவோ, உரிமம் வழங்கும் அலுவலகத்தின் அதிகாரியாகவோ, நாள் வாடகை கட்டி வண்டி ஓட்டுபவனாகவோ ஆகும்போது, தன் எதிரில் நிற்பவனையும் கணக்கில் சேர்த்துக்கொள்வான்.